மார்கரா பாலம் திறக்குமா? துருக்கி–ஆர்மீனியா பற்றி ஓர் இழை

சைதாப்பேட்டைக்காரன்
20 டிசம்பர் 2025, காலை 7:15

அஜர்பைஜான் பெட்ரோலை ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று ஜார்ஜியா வழியாக ஆர்மீனியாவுக்குப் போய்ச் சேர்ந்த செய்தியைப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. 2023 செப்டம்பரில்தான், அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நகோர்னோ-கராபாக் பகுதியை அஜர்பைஜான் படை பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். அதே இரண்டு நாடுகளுக்கு இடையில் இன்று பெட்ரோல் போகிறது. போன மாதம் அஜர்பைஜான் தண்டவாளம் வழியாக ரஷ்யக் கோதுமையும் கஜகஸ்தான் கோதுமையும் போயின.

அஜர்பைஜானே இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அப்படியென்றால் துருக்கி ஏன் இன்னும் எல்லையைத் திறக்கவில்லை? இந்த இழையில் பேச விரும்புவது அதைத்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாக: சோவியத் யூனியன் உடைந்தபோது, 1991 டிசம்பரில், ஆர்மீனியாவைத் தனி நாடாகத் துருக்கி ஏற்றுக்கொண்டது. ஆனால் தூதரக உறவு மட்டும் ஏற்படவே இல்லை. 1993 ஏப்ரலில் ஆர்மீனியப் படை அஜர்பைஜானின் கெல்பஜார் மாவட்டத்தைப் பிடித்ததும், அஜர்பைஜானுக்கு ஆதரவாகத் துருக்கி தன் எல்லையை மூடியது. 300 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள எல்லை அது. 32 வருடமாக மூடியே கிடக்கிறது. ஆர்மீனியாவுக்கு நான்கு அண்டை நாடுகள். அதில் இரண்டு பக்கம் பூட்டு. ஜார்ஜியாவும் ஈரானும்தான் வாசல்.

எனக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்கலாம். நான் பிறந்து வளர்ந்தது சைதாப்பேட்டை. அடையாற்றின் மேல் அங்கே முதல் பாலத்தை 1726-இல் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். மர்மலாங் பாலம் என்பார்கள். இப்போது அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. பழைய பாலத்தின் கல்வெட்டை சின்ன வயதில் அப்பா காட்டினார். பாலம் கட்டின அந்த மக்களின் சொந்த நாட்டு எல்லையில், அராஸ் ஆற்றின் மேல், மார்கரா என்ற ஊரில் ஒரு பாலம் சும்மா நிற்கிறது. மறுகரையில் துருக்கியின் அலிஜான். அந்தப் பாலத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் தேடிப் படிக்கிறேன்.

என் எண்ணம் இதுதான். பெரிய ஒப்பந்தம் எதற்கும் காத்திருக்க வேண்டாம். முதலில் லாரி போகட்டும். மற்றதெல்லாம் லாரிக்குப் பின்னால் வரும்.

---

வரலாற்று வாத்தியார்
20 டிசம்பர் 2025, காலை 9:02

நல்ல இழை தம்பி. ஆனால் "பெரிய ஒப்பந்தம் வேண்டாம்" என்று நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் 2009-இலேயே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

2008 செப்டம்பர் 6 அன்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று கால்பந்துப் போட்டி ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் நடந்தது. ஆர்மீனிய அதிபர் செர்ஜ் சர்க்சியான் அழைத்தார், துருக்கி அதிபர் அப்துல்லா குல் நேரில் போனார். துருக்கி அதிபர் ஒருவர் அந்த மண்ணில் கால் வைத்தது அதுவே முதல் முறை. அடுத்த வருடம் மறு ஆட்டத்துக்கு சர்க்சியான் துருக்கியின் புர்சாவுக்குப் போனார். நடுவில், 2009 அக்டோபர் 10 அன்று, சூரிக் நகரில் இரண்டு ஆவணங்கள் கையெழுத்தாயின. ஒன்று தூதரக உறவு பற்றியது. இன்னொன்று எல்லைத் திறப்பு உட்பட மற்ற உறவுகள் பற்றியது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன், ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் எல்லோரும் அங்கே இருந்தார்கள். கையெழுத்துக்குப் பிறகு யார் என்ன பேசுவது என்ற தகராறில் விழா பல மணி நேரம் தள்ளிப்போனது. அன்றே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

இரண்டு நாடாளுமன்றங்களுமே அந்த ஆவணங்களுக்கு ஒப்புதல் தரவில்லை. அதே 2009 மே மாதம், அப்போது துருக்கிப் பிரதமராக இருந்த எர்டோகன் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் நாடாளுமன்றத்தில் நின்று, கராபாக் பிரச்சினை தீராமல் எல்லை திறக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். துருக்கித் தலைநகர் அங்காராவில் எழுதின கடிதத்துக்கு பாகுவில் முத்திரை வாங்க வேண்டிய நிலை. 2018 மார்ச்சில் ஆர்மீனியா அந்த ஆவணங்களைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது.

அப்புறம் ஒன்று. எல்லையை ஒட்டியிருக்கும் துருக்கி ஊரான கார்ஸில், நட்புக்கு அடையாளமாக ஒரு பெரிய சிலை எழுப்பினார்கள். இரண்டாகப் பிளந்த ஒரு மனித உருவம், ஒன்றை ஒன்று பார்த்து நிற்பது போல. கட்டி முடிக்கும் முன்பே, அது அவலட்சணம் என்று எர்டோகன் சொன்னார். 2011-இல் கிரேன் வைத்துத் துண்டு துண்டாக இறக்கிவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

---

திருப்பூர்_பின்னல்
20 டிசம்பர் 2025, காலை 11:40

அரசியலை வாத்தியார் ஐயா சொல்லிவிட்டார். சரக்குப் பக்கம் நான் சொல்கிறேன். இருபது வருடமாக ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கிற வேலை. துருக்கியை நாங்கள் போட்டியாளராகப் பார்த்தே பழகியவர்கள், அதனால் அந்த ஊர் வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பேன்.

முதலில், எல்லை மூடியிருக்கிறது என்றால் வியாபாரமே இல்லை என்று நினைக்க வேண்டாம். துருக்கிச் சரக்கு ஜார்ஜியாவைச் சுற்றிக்கொண்டு ஆர்மீனியாவுக்குத் தாராளமாகப் போகிறது. ஆண்டுக்குச் சில நூறு மில்லியன் டாலர் மதிப்பு. துணி, வீட்டுச் சாமான், கட்டுமானப் பொருள் எல்லாம். 2020-இல் அஜர்பைஜானோடு நடந்த கராபாக் போருக்குப் பிறகு ஆர்மீனியா துருக்கிப் பொருளுக்கு ஒரு வருடம் தடை போட்டுப் பார்த்தது. 2022 ஜனவரியில் தடை போனதும் சரக்கு மறுபடியும் வர ஆரம்பித்தது. எதிர்த்திசையில் ஆர்மீனியச் சரக்கு துருக்கிக்குப் போவது மிகச் சொற்பம்.

அப்படியானால் பூட்டு எதைத் தடுக்கிறது? தூரத்தையும் நாளையும். ஆர்மீனியாவின் கியூம்ரியில் காலுறை ஆலைகள் இருக்கின்றன. அங்கிருந்து கார்ஸ் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நம்ம திருப்பூருக்கும் கரூருக்கும் இடையில் இருக்கிறதை விடக் குறைவு. ஆனால் நூல் மூட்டை வடக்கே ஜார்ஜியாவுக்குள் நுழைந்து, சுற்றி, இன்னொரு கஸ்டம்ஸைத் தாண்டி இறங்க வேண்டும். ரஷ்யாவுக்கு அனுப்பும் சரக்குக்கு இதைவிடக் கஷ்டம். காக்கசஸ் மலையில் மேல் லார்ஸ் கணவாய் ஒன்றுதான் வழி. குளிர்காலத்தில் பனிச்சரிவு வந்தால் லாரிகள் வரிசையாக நின்றுவிடும். பழ லாரி நாள் கணக்கில் நின்றால் என்ன ஆகும் என்று எந்த வியாபாரியைக் கேட்டாலும் சொல்வார்.

இன்னொரு விஷயத்தை நண்பர்கள் கவனிக்க வேண்டும். எல்லை திறந்ததும் வரி குறையும் என்று பலர் எழுதுகிறார்கள். குறையாது. ஆர்மீனியா 2015 முதல் ரஷ்யா தலைமையிலான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்குக்கான வரியை அந்த ஒன்றியம் மொத்தமாக நிர்ணயிக்கிறது. துருக்கியோ 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்கக் கூட்டு. ஆக இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து "நீ துணிக்குக் குறை, நான் காலுறைக்குக் குறைக்கிறேன்" என்று பேசவே முடியாது. மிச்சமாவது லாரி வாடகையும் நேரமும்தான். அதுவே பெரிய தொகை என்பேன். மெல்லிய லாபத்தில் ஓடுகிற தொழிலை வாழ வைப்பதும் சாகடிப்பதும் வாடகைதான்.

---

கரிசல்பெண்
20 டிசம்பர் 2025, பிற்பகல் 2:18

எல்லாரும் லாரி, வாடகை, வரி என்று பேசுகிறீர்கள். 1915-ஐ யாரும் தொடவில்லை.

உதுமானியப் பேரரசில் லட்சக்கணக்கான ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள், சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்தியே சாகடிக்கப்பட்டார்கள். அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்ள துருக்கி அரசு இன்றுவரை மறுக்கிறது. இதை வெளிப்படையாக எழுதிய இஸ்தான்புல் பத்திரிகையாளர் ஹ்ரான்ட் டிங்க் 2007 ஜனவரியில் தன் அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நூல் மூட்டையைப் பற்றி எப்படிப் பேச முடிகிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். ஆர்மீனியா இப்போது இறங்கி வருவது போரில் தோற்றதால். தோற்றவன் நீட்டுகிற கையை நட்பு என்று சொல்லலாமா?

---

யெரெவான்_டாக்டர்
20 டிசம்பர் 2025, இரவு 10:55

கரிசல்பெண் அக்கா, உங்கள் கேள்விக்கு நான் படித்த ஊரிலிருந்து பதில் சொல்ல முயல்கிறேன். யெரெவானில் ஆறு வருடம் மருத்துவம் படித்தேன். அங்கே நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறைய.

நான் தங்கியிருந்த வீட்டின் பாட்டிக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். அவருடைய தாத்தா கார்ஸ் பக்கத்திலிருந்து தப்பி வந்தவர். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அராரத் மலை தெரியும். வானம் தெளிவாக இருக்கிற நாளில் பாட்டி கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஆர்மீனியாவின் அரசு முத்திரையிலேயே அந்த மலை இருக்கிறது, ஆனால் மலை நிற்பது துருக்கியில். தினமும் கண்ணெதிரே பார்க்கிற மலைக்குப் போக வழியில்லை.

பாட்டி அதிகம் பேசியது 1992 முதல் 1995 வரையிலான குளிர்காலங்களைப் பற்றி. "இருட்டு வருடங்கள்" என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் எல்லை மூடல், 1988 பூகம்பத்துக்குப் பிறகு மெட்ஸமோர் அணுமின் நிலையமும் நிறுத்தம். மின்சாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம். பூங்கா மரங்களை வெட்டி எரித்தார்களாம். பாட்டி தன் கணவரின் புத்தகங்களை அடுப்பில் போட்டிருக்கிறார். எதை முதலில் போட்டேன், எதைக் கடைசிவரை வைத்திருந்தேன் என்று வரிசையாகச் சொல்வார்.

அதே பாட்டி வீட்டில் படுக்கை விரிப்பு துருக்கியில் தைத்தது. அவர் மகள் குடும்பம் கோடையில் அண்டால்யா கடற்கரைக்குப் போய் வந்தது. இது எப்படி என்று ஒரு முறை கேட்டேன். "அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரை நான் மன்னிக்க மாட்டேன். அதற்காக என் பேரன் கடல் பார்க்காமல் வளர வேண்டுமா?" என்றார். அந்த இரண்டு வாக்கியமும் அவருக்குள் ஒன்றோடு ஒன்று மோதவில்லை. எனக்குத்தான் புரிய நாளானது.

2020 போர் நடந்தபோது அங்கேதான் இருந்தேன். 44 நாள். என் வகுப்பு ஆர்மீனிய மாணவர்களில் சிலர் போனார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை. தோற்றவன் நீட்டும் கை என்று சொன்னீர்கள் அக்கா. உண்மைதான், அந்தக் கசப்பு அங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆனால் இன்னொரு இருட்டு வருடம் வந்துவிடக் கூடாது என்ற பயமும் அதே வீடுகளில் உண்டு.

---

கரிசல்பெண்
20 டிசம்பர் 2025, இரவு 11:30

படித்தேன் தம்பி. அந்தப் பாட்டி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. அரசுகள் அதை எடுத்துத் தங்கள் வாயில் போட்டுக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

---

வரலாற்று வாத்தியார்
21 டிசம்பர் 2025, காலை 6:50

சைதாப்பேட்டைத் தம்பியின் "சின்னச் சின்ன அடி" வாதத்துக்கு வருகிறேன். 2009 தோற்றதைப் பார்த்துத்தான் 2021 டிசம்பரில் வேறு வழி பிடித்தார்கள். துருக்கி சார்பில் செர்தார் கிலிச், ஆர்மீனியா சார்பில் ரூபன் ரூபின்யான், இருவரையும் சிறப்புத் தூதர்களாக நியமித்தார்கள். முன்நிபந்தனை கிடையாது என்றார்கள். 2022 பிப்ரவரியில் இஸ்தான்புல்–யெரெவான் விமானம் மறுபடி பறந்தது. நேரடி வான்வழிச் சரக்குக்கு இருந்த தடையும் பிறகு நீங்கியது.

ஆனால் 2022 ஜூலை 1 அன்று வியன்னாவில் என்ன முடிவு எடுத்தார்கள்? மூன்றாம் நாட்டுக் குடிமக்கள் தரை எல்லையைக் கடக்கலாம், முடிந்த அளவு சீக்கிரம் அமல்படுத்துவோம் என்றார்கள். துருக்கியரும் இல்லை, ஆர்மீனியரும் இல்லை. நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பயணிகள் மட்டும். இதைவிடச் சின்ன அடி இருக்க முடியாது. மூன்றரை வருடமாகிறது, அதுவும் நடக்கவில்லை. மார்கராவில் ஆர்மீனியா சோதனைச் சாவடியைப் புதுப்பித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

அதனால் கேட்கிறேன். சின்ன அடி என்பது முன்னே போவதற்கா, நின்ற இடத்திலேயே நிற்பதற்கா?

---

சைதாப்பேட்டைக்காரன்
21 டிசம்பர் 2025, காலை 8:35

ஐயா, இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. பாதி ஒப்புக்கொள்கிறேன். லாரி போனால் மற்றது தானாக வரும் என்று நேற்று எழுதியது அவசரம். லாரியைப் போக விடுவதே அரசியல் முடிவுதான்.

ஆனாலும் சின்ன அடி வீண் என்று சொல்ல மாட்டேன். 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூகம்பம் வந்தபோது, 11-ஆம் தேதி ஐந்து ஆர்மீனிய லாரிகள் நிவாரணப் பொருளோடு மார்கரா பாலத்தைக் கடந்தன. முப்பது வருடத்தில் முதல் தடவை. 1988-இல் பூகம்பத்தில் ஏறக்குறைய 25,000 பேரைப் பறிகொடுத்த மக்கள் அனுப்பிய லாரி அது. இந்த வருடம் மார்ச்சில் சிரியாவுக்கான உதவிப் பொருள் போவதற்குப் பத்து நாள் போல மறுபடி திறந்தார்கள். செப்டம்பரில் கிலிச் அந்தப் பாலத்தின் வழியாகவே யெரெவானுக்குப் போனார். எல்லையில் ஓடும் அக்குரியான் ஆற்றில் இடிந்து கிடக்கும் அனி நகரத்துப் பழைய பாலத்தைச் சேர்ந்து பழுதுபார்க்கும் பேச்சும் ஓடுகிறது. பூட்டுக்குச் சாவி இருக்கிறது, பூட்டு துருப்பிடிக்கவில்லை என்பதற்கு இவையெல்லாம் அடையாளம்.

ஜூன் 20 அன்று ஆர்மீனியப் பிரதமர் பஷின்யான் இஸ்தான்புல் போய், இப்போது அதிபராக இருக்கும் எர்டோகனைப் பார்த்தார். ஆகஸ்ட் 8 அன்று வாஷிங்டனில் டிரம்ப் முன்னிலையில் பஷின்யானும் அஜர்பைஜான் அதிபர் அலியேவும் அமர, இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சமாதான ஒப்பந்த வரைவில் சுருக்கொப்பம் இட்டார்கள். ஆர்மீனியாவின் தெற்கு மூலையில், ஈரான் எல்லையை ஒட்டி, அஜர்பைஜானையும், அதிலிருந்து தனித்துக் கிடக்கும் அதன் பகுதியான நக்கிச்செவானையும் இணைக்கும் பாதைக்கும் அங்கேதான் சம்மதம் கிடைத்தது. அந்தச் சமாதான வரைவு முழு ஒப்பந்தமாகக் கையெழுத்தாக வேண்டுமானால் ஆர்மீனியா தன் அரசியலமைப்பை மாற்ற வேண்டும் என்கிறது பாகு. துருக்கி அந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. என் மனத்தாங்கல் இங்கேதான். 1993-இல் எல்லையை மூடுவதற்குத் துருக்கி சொன்ன காரணம் கராபாக். அந்தக் காரணம் இன்று களத்தில் இல்லை. காரணம் போன பிறகும் பூட்டைப் பிடித்து வைத்திருப்பது சரியில்லை. பாகுவே பெட்ரோல் விற்கும்போது அங்காரா தயங்குவதில் என்ன நியாயம்?

---

திருப்பூர்_பின்னல்
21 டிசம்பர் 2025, காலை 10:10

அங்காராவின் கணக்கு எனக்குப் புரிகிறது, நியாயம் என்று சொல்ல மாட்டேன். துருக்கி 8.5 கோடிப் பேர் கொண்ட நாடு. ஆர்மீனியா 30 லட்சம். ஆர்மீனியச் சந்தை இல்லாமல் துருக்கி வாடாது. பாகுவிலிருந்து துருக்கித் துறைமுகமான ஜெய்ஹானுக்கு எண்ணெய்க் குழாய், ஜார்ஜியா வழியாகப் போகும் பாகு–திபிலிசி–கார்ஸ் ரயில், எல்லாம் ஆர்மீனியாவைச் சுற்றி வளைத்தே போட்டாயிற்று. அதனால் அவசரம் அங்காராவுக்கு இல்லை.

அவசரம் எல்லையோரத் துருக்கி ஊர்களான கார்ஸுக்கும் இக்தீருக்கும். துருக்கியின் கிழக்குக் கோடி, பிழைப்புத் தேடி இளைஞர்கள் இஸ்தான்புல் போகிற பகுதி. சாலை அங்கே முட்டி நின்றுவிடுகிறது. எல்லை திறந்தால் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் முதல் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள் வரை பிழைப்பார்கள். கார்ஸ் வணிகர்கள் திறப்பு வேண்டும் என்று பல வருடமாகக் கேட்கிறார்கள். இக்தீரில் அஜர்பைஜானி வம்சாவளியினர் நிறைய என்பதால் அங்கே மனம் இரண்டாகவே இருக்கும்.

ஆர்மீனியப் பக்கத்திலும் பயம் உண்டு, அதை நாம் சின்னதாக நினைக்கக் கூடாது. மலிவான துருக்கித் தக்காளி மொத்தமாக இறங்கினால் அராரத் சமவெளி விவசாயி என்ன செய்வார்? முதல் சில வருடங்களுக்கு விளைபொருளுக்கு ஏதாவது பாதுகாப்பு வேண்டும். இல்லையென்றால் எல்லையைத் திறந்த அரசையே ஊர் திட்டும், அடுத்த தேர்தலில் மறுபடி மூடச் சொல்லும் குரல் வரும். வாகாவில் நாமே பார்த்தோம். 2019-இல் வியாபாரம் நின்றதும் அட்டாரியில் சுமை தூக்கினவர்கள் தெருவுக்கு வந்தார்கள். திறப்பது முக்கியம், திறந்ததை ஒரே ராத்திரியில் மூட முடியாதபடி செய்வது அதைவிட முக்கியம்.

---

தண்டவாளம்
21 டிசம்பர் 2025, மாலை 4:25

ரயிலை யாரும் பேசவில்லையே. பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

கியூம்ரி–கார்ஸ் பாதை ஜார் காலத்தில் போட்டது. சோவியத் காலத்தில், பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும் அதில் ரயில் ஓடியது. ஆர்மீனியாவுக்குக் கோதுமை அந்த வழியாகவும் வந்தது. 1993-இல்தான் நின்றது. ஆக, துருக்கி சேர்ந்திருந்த நேட்டோவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்தபோது ஓடின ரயிலை இரண்டு அண்டை வீட்டுக்காரர்களின் சண்டை நிறுத்திவிட்டது.

திறக்க வேண்டும் என்றால் இரண்டு சிக்கல். ஆர்மீனிய ரயில்வேயை 2008 முதல் 30 வருடக் குத்தகையில் நடத்துவது ரஷ்ய ரயில்வேயின் துணை நிறுவனம். அதனால் ஆர்மீனியப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமானாலும் மாஸ்கோவோடு பேச வேண்டும். இரண்டாவது, கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையில் இருக்கும் அகலம்.

---

யெரெவான்_டாக்டர்
21 டிசம்பர் 2025, மாலை 5:40

ஐயா, கேஜ் வித்தியாசம் எவ்வளவு? வண்டியை அப்படியே கொண்டுபோக முடியாதா? கியூம்ரிக்குப் போனபோது எல்லைப் பக்கம் இருக்கும் அக்குரிக் ரயில் நிலையத்தை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். தண்டவாளத்தில் புல் முளைத்துக் கிடந்தது.

---

தண்டவாளம்
21 டிசம்பர் 2025, இரவு 7:05

ஆர்மீனியாவில் 1520 மில்லிமீட்டர், துருக்கியில் 1435. 85 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்தில் வண்டி ஓடாது. எல்லையில் பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியைக் கழற்றி வேறு மாற்ற வேண்டும். கன்டெய்னர் என்றால் கிரேனால் தூக்கி அடுத்த வண்டியில் வைத்துவிடலாம். புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. பாகு–கார்ஸ் பாதையில் ஜார்ஜியாவின் அகல்கலாகியில் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

புல் முளைத்ததைப் பற்றிக் கவலை வேண்டாம் தம்பி. புல்லை ஒரு நாளில் செதுக்கிவிடலாம். அடியில் இருக்கிற ஜல்லி சரிந்திருக்கிறதா, ஸ்லீப்பர் கட்டை உளுத்திருக்கிறதா, அதுதான் பார்க்க வேண்டியது. படம் ஏதாவது எடுத்து வைத்திருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.